தட்டில் ஒரு கதை: சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாப்பாடு, முதல்நாள் இரவு முதல் கை கழுவும் வரை

இரண்டு வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, வார இறுதியில் ஒரு வேளைச் சாப்பாட்டையும் அதோடு ஒட்டிய ஒரு விளையாட்டையும் சேர்த்து நடத்துவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. சிங்கப்பூரில் எங்கள் அக்கம்பக்கத்துப் பெற்றோர் சிலர் எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்து செய்து பழகியிருக்கிறார்கள். அவர்கள் எங்கே தடுமாறினார்களோ அங்கே கொஞ்சம் விரிவாகவும், மற்ற இடங்களில் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறேன். வரிசை முக்கியம். படியை மாற்றிப் போட்டால் அலங்காரம் முடியும்போது பிள்ளை பசியில் அழுதுகொண்டிருக்கும்.

1. படத்தைப் பார்த்துத் தொடங்காதீர்கள்

புதிதாகச் செய்பவர்களில் பெரும்பாலோர் இன்ஸ்டகிராமில் ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். சோற்றில் செய்த பாண்டா, அதற்கு நோரி எனும் கடல்பாசித் தாளில் காதும் கண்ணும். வீட்டுப் பிள்ளையோ நோரியை வாயிலேயே வைத்ததில்லை. ஒரு மணி நேர உழைப்பு முகம் சுளிப்பில் முடிகிறது.

முதலில் ஒரு தாள் எடுத்து, கடந்த ஒரு வாரத்தில் பிள்ளை கெஞ்சல் இல்லாமல் சாப்பிட்டதை மட்டும் எழுதுங்கள். இட்லி, முட்டை, பருப்புச் சோறு, வாழைப்பழம், வெறும் பிராட்டா (பரோட்டா) என்று ஐந்தாறு பெயர்தான் தேறும். போதும். தட்டின் பெரும்பகுதி இந்தப் பட்டியலிலிருந்து வரவேண்டும்.

சிறு பிள்ளை உணவைக் கண்ணால்தான் நம்புகிறது. உருவம், நிறம், ருசி மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் அது தனக்குத் தெரிந்த இட்லியே அல்ல என்று முடிவு செய்துவிடும். ஆகவே ஒரு தட்டில் ஒரு மாற்றம். உருவம் புதிது என்றால் ருசி பழசாக இருக்கட்டும். நிறம் புதிது என்றால், பக்கத்திலேயே வழக்கமான வெள்ளை இட்லி ஒன்றும் இருக்கட்டும்.

புதிய காய் ஏதாவது அறிமுகப்படுத்த ஆசையா? தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு துண்டு வையுங்கள். ஒரு காயைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள 10, 15 முறைகூடப் பார்க்க வேண்டியிருக்கும். அதைக் கதாநாயகனின் வயிற்றுக்குள் ஒளித்துவைப்பது மட்டும் வேண்டாம். கண்டுபிடித்துவிட்டால் அந்த இட்லியின் மேலுள்ள நம்பிக்கையும் சேர்ந்து போய்விடும்.

2. கதையை இந்த வாரத்திலிருந்து எடுங்கள்

பிள்ளை இந்த வாரம் நேரில் பார்த்தது எது? எம்ஆர்டி ரயில், குப்பை லாரி, பக்கத்து புளோக்கில் நிற்கும் பாரந்தூக்கி, ஆற்றோரம் பார்த்த நீர்நாய். இதில் ஒன்றை எடுங்கள். கார்ட்டூன் பாத்திரங்களை நான் தவிர்க்கச் சொல்வேன். மூக்கு சற்றுக் கோணினாலும் “இது அது இல்ல” என்று தீர்ப்பு வந்துவிடும். நீர்நாய்க்கு அந்தக் கறார் இல்லை. எப்படிச் செய்தாலும் நீர்நாய்தான்.

கதைக்கு மூன்று பகுதி போதும்: ஓர் ஆள், ஓர் இடம், ஒரு செயல். நீர்நாய், ஆறு, மீன் பிடித்தல். ரயில், பாதை, நிலையத்தில் நிற்றல். செயல்தான் இதில் மிக முக்கியம், விளையாட்டு அதிலிருந்துதான் பிறக்கும். செயல் இல்லாத கதையை எடுத்தவர்கள் கடைசியில் தட்டை அலங்கரித்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் வண்ணம் தீட்டும் தாள் ஒன்றைப் பிள்ளையிடம் நீட்டுகிறார்கள்.

3. சாமான்கள்

அதிகம் வாங்க வேண்டாம். சிறிய பிஸ்கட் அச்சுகள் இரண்டு மூன்று, சாப்பாட்டுக்கென்றே ஒதுக்கிய கத்தரிக்கோல், கைக்கடக்கமான வடிகட்டி, மினி இட்லித் தட்டு, மூக்கு நீண்ட சாஸ் பாட்டில். டாய்சோ, முஸ்தஃபா கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும். அச்சு வாங்கும்போது விளிம்பு உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். தட்டையான அச்சு இட்லியின் கனத்துக்குள் முழுதாக இறங்காது.

பல்குச்சி வேண்டாம். இரண்டு துண்டுகளை ஒட்டவைக்க வேண்டுமானால் வேகவைக்காத ஸ்பகெட்டியை ஒரு சென்டிமீட்டருக்கு ஒடித்துக் குத்துங்கள். உணவின் ஈரத்தை இழுத்துச் சற்று நேரத்தில் இளகிவிடும். பரிமாறுமுன் அது இளகிவிட்டதா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

4. நிறங்களை முதல்நாள் இரவே தயார் செய்யுங்கள்

இந்தப் படியைக் காலையில் வைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். புட்டி நிறம் தேவையே இல்லை. ஆனால் இயற்கை நிறங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் எந்த நிறத்தை எந்தப் பண்டத்தில் சேர்ப்பது என்று புரியும்.

நீலம்: காய்ந்த சங்குப்பூ 15 எடுத்துக் கால் கப் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அழுத்தமான நீலம் வரும். புளிப்பு பட்டால் இது ஊதாவுக்குச் சாயும். அதனால் புளித்த இட்லி மாவில் சேர்த்துவிட்டு, “படத்தில் நீலமா இருந்துச்சு, எனக்கு ஏன் வேற மாதிரி வருது” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். தவறு உங்கள் மேல் இல்லை, மாவின் புளிப்புதான் காரணம். தெளிவான நீலம் வேண்டுமென்றால் புளிக்காத இடியாப்ப மாவில் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலியோரம் பூத்துக்கிடப்பதைப் பறித்து வராதீர்கள். மருந்து தெளித்திருக்கலாம், ஒரே சாயலில் வேறு பூவும் இருக்கலாம்.

இளஞ்சிவப்பு: பீட்ரூட். நேரம் ஆக ஆக அடுப்புச் சூட்டில் இதன் நிறம் மங்கிப் பழுப்பாகும். தோசையில் ஊற்றினால் ஓரம் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். வேகவைத்து அரைத்த விழுதைத் தயிர்ச் சோற்றில் கடைசியாகக் கலந்தால் பளிச்சென்று நிற்கும். ஒரு முன்னறிவிப்பு: பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் டயப்பரில் சிவப்பைப் பார்த்து மருத்துவமனைக்கு ஓடாதீர்கள். சிலருக்கு அப்படி வரும்.

பச்சை: கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் அலசி, பிழிந்து அரையுங்கள். அதிக நேரம் வேகவிட்டாலும் தயிரில் ஊறினாலும் ராணுவச் சீருடை நிறம் வந்துவிடும். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் ஒரு கட்டி ஒரு கரண்டி மாவுக்குச் சரியாக இருக்கும்.

மஞ்சளுக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். பழுப்புக்குக் கேழ்வரகு. கறுப்புதான் சிக்கல். மிளகையும் கிராம்பையும் கண்ணாக வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கறுப்பு எள் ஒன்று, அல்லது பொடியாக நறுக்கிய உலர்திராட்சை போதும். எள்ளும் முட்டையும் கடலையும் சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியவை. வீட்டுக்கு வேறு பிள்ளைகள் வருவதாக இருந்தால் அவர்களுடைய அம்மாவிடம் முதல்நாளே கேட்டுவிடுங்கள்.

5. தொண்டை அடைப்புப் பரிசோதனை

நறுக்கத் தொடங்குமுன் இந்தப் படி. அழகுக்காக நாம் எடுக்கும் பொருள்களில் பாதி உருண்டையானவை, தொண்டையை அடைக்க அதே வடிவம்தான் வாகானது.

திராட்சை, செர்ரித் தக்காளி, மீன் உருண்டை, சாசேஜ் எல்லாவற்றையும் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வட்டமாக வெட்டினால் ஆபத்து அப்படியே இருக்கும். கேரட்டைப் பச்சையாகக் காசு காசாக வைக்காதீர்கள். விரலால் நசுக்கினால் நசுங்கும் அளவுக்கு வேகட்டும். முழு முந்திரி, முழு நிலக்கடலை, பாப்கார்ன் ஆகியவற்றை இந்த வயதில் தொடவே வேண்டாம். ஒரு வயது நிரம்பாத தம்பி தங்கை பக்கத்தில் இருந்தால் தேன் அந்தத் தட்டுக்குப் போகக்கூடாது.

பிள்ளை உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். “ரயில் ஓடுது பார்” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வரவேற்பறையைச் சுற்றிவருவது பாட்டிமார்களின் பழைய வித்தை. வாயில் உணவோடு ஓடும் பிள்ளைக்கு அது ஆகாது. அடைப்பு ஏற்பட்டால் என்ன செய்வது என்பதை வீட்டில் சமைப்பவர், பணிப்பெண் உட்பட, முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். அவசர மருத்துவ வண்டிக்கு 995.

6. விளையாட்டு சாப்பாட்டுக்கு முன்னால், அதன் முடிவு தட்டில்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

வழக்கமாக நடப்பது என்ன? அம்மா அடுப்படியில் தனியே கலைவேலை செய்கிறார். பிள்ளை ஐபேடில் இருக்கிறது. தட்டு வருகிறது, படம் எடுக்கப்படுகிறது, பிள்ளை இரண்டு வாய் சாப்பிட்டு இறங்கிவிடுகிறது. அந்தத் தட்டில் அதன் கை படவே இல்லை. அடுத்தவர் கட்டிய பொம்மை வீட்டில் அதற்கு என்ன அக்கறை இருக்கும்?

மாற்றிச் செய்யுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பு விளையாட்டைத் தொடங்கி, 15 அல்லது 20 நிமிடத்தில் முடியுங்கள். அதற்கு மேல் இழுத்தால் பசி கோபமாக மாறும். விளையாட்டின் கடைசிச் செயல், தட்டில் சேரவேண்டிய ஒரு பொருளைப் பிள்ளையே தயார் செய்வதாக இருக்கட்டும்: பிடித்த மீன், வெட்டிய ரயில் பெட்டி, கிள்ளிய கொத்தமல்லி இலை. தட்டை அடுக்கும்போதும் கடைசித் துண்டைப் பிள்ளைதான் வைக்கவேண்டும். பெரும்பாலும் அது கண்ணாக இருக்கும். கண் கோணலாகப் போனால் அப்படியே இருக்கட்டும், திருத்தாதீர்கள்.

வயதுக்கேற்ற வேலை கொடுப்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கிள்ளுவதும் போடுவதும் வரும். மூன்று வயதில் அச்சை அழுத்தும். நான்கு வயதில் வெண்ணெய்க் கத்தியால் வாழைப்பழம் வெட்டும். ஐந்து ஆறு வயதுக்காரர் அடுப்பு இல்லாத மேசையில் சாஸ் பாட்டிலைப் பிழியலாம். இதைத் தாண்டிக் கொடுத்தால் பாதியில் நீங்கள் பிடுங்கிச் செய்ய நேரும். அது, கொடுக்காமலே இருப்பதைவிட மோசம்.

உப்பும் மைதாவும் சேர்த்துச் செய்யும் களிமண்ணைச் சாப்பாட்டுக்கு முன் எடுக்காதீர்கள். பார்க்கவும் மணக்கவும் உணவு போலவே இருப்பதால் வாய்க்குள் போகும். உப்பு மிக அதிகம், பச்சை மாவும் வயிற்றுக்கு ஆகாது. சப்பாத்தி மாவை உருட்டக் கொடுத்தாலும் இதே கவனம் தேவை.

7. கட்டும் முறை: எந்தப் பண்டம் எப்படி நிற்கும்

இட்லி: ஆவி பறக்கும்போது அச்சை அழுத்தினால் உதிரும். எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு, அச்சைத் தண்ணீரில் நனைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள், திருகாதீர்கள். வெட்டியது போக மிஞ்சும் ஓரங்களை மறுநாள் உப்புமாவாகத் தாளித்துக்கொள்ளலாம்.

சோறு: பாஸ்மதி உருண்டை பிடிக்காது. பொன்னியைத் தண்ணீர் கூட வைத்துக் குழைய வடித்து, சூடு தணிவதற்குள் மசித்து, கிளிங் ராப் எனும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி உருட்டுங்கள். ஆறிய சோறு ஒட்டாது, வெடிக்கும்.

தோசை: வரைய ஆசைப்படுபவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படிக்கவும். மாவை நன்றாகக் கலக்கி, நுரையை அடக்கி, சற்றுத் தண்ணீர் விட்டு, வடிகட்டி பாட்டிலில் ஊற்றுங்கள். வடிகட்டாவிட்டால் ஒரு பருப்புத் தோல் மூக்கை அடைத்துக்கொள்ளும், அழுத்தும்போது மொத்தமும் குபுக்கென்று வரும். கல் மிதமான சூட்டில் இருக்கட்டும். எண்ணெயைத் தடவித் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தேங்கினால் கோடு புள்ளி புள்ளியாகக் கலையும். முதலில் வெளிக்கோட்டை வரைந்து அரை நிமிடம் விடுங்கள். அது லேசாகச் சிவந்த பிறகு உள்ளே மாவை ஊற்றி நிரப்புங்கள். முந்திப் போட்ட கோடு கூடுதலாகச் சிவந்து தனியாகத் தெரியும்.

கல்லில் படும் பக்கம்தான் தட்டில் மேலே வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். எழுத்து இடவலம் மாறித் தெரியும். பிள்ளையின் பெயரில் முதல் எழுத்தை மெல்லிய தாளில் தடித்த பேனாவால் எழுதி, தாளைத் திருப்பி அடுப்பருகே ஒட்டிவைத்து, அதைப் பார்த்து வரையுங்கள். முதல் எழுத்து ‘ப’ என்றால் தப்பித்தீர்கள்.

இடியாப்பம்: பிழிய நேரமில்லையென்றால் உணவங்காடி நிலையத்தில் புட்டு மாயம் என்ற பெயரில் விற்கும் இடியாப்பம் போதும். வெள்ளைச் சிக்கலின் மேல் நீலத் தண்ணீரை டீஸ்பூனால் அங்கங்கே தெளித்தால், ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் அலையாகவே தெரியும். மாவிலேயே நிறம் கலந்து பிழிந்ததைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

எந்தப் பண்டமானாலும் ஈரமான சட்னியும் சாம்பாரும் தனிக் கிண்ணத்தில் போகட்டும். தட்டில் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் கதை கரைந்துவிடும்.

8. முழுதாக ஒன்று: நீர்நாய்க் குடும்பம்

பீஷான்–அங் மோ கியோ பூங்காவிலும் காலாங் ஆற்றோரமும் மரினா பக்கமும் நீர்நாய்களைக் குடும்பம் குடும்பமாகப் பார்க்கலாம். சில கொண்டோக்களில் (தனியார் அடுக்குமாடி வீடுகளில்) கோய் மீன் குளங்களைக் காலி செய்த பெருமையும் இவற்றுக்கு உண்டு. பிள்ளைகளுக்கு அந்தத் திருட்டுக் கதையைச் சொல்லுங்கள், பாதி வேலை முடிந்தது.

முதல்நாள் இரவு: இட்லி மாவில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து, கால் பங்கு கேழ்வரகு மாவும் தேவையான தண்ணீரும் கலந்து வையுங்கள். சங்குப்பூத் தண்ணீரை வடித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். கேரட்டை அரை சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி வேகவைத்து, மீன் அச்சால் மீன்களாக எடுத்துக்கொள்ளுங்கள். அச்சு இல்லையா? வில்லையின் ஒரு பக்கத்தில் சின்ன முக்கோணம் வெட்டி எடுங்கள், அது வாய். எடுத்த முக்கோணத்தை எதிர்ப்பக்கம் ஒட்டவையுங்கள், அது வால். இரண்டு கத்திவெட்டில் மீன் முடிந்தது.

முக்கால் மணி நேரம் முன்பு: பெரிய, சுத்தமான பாத்திரத்தில் குடிநீர் ஊற்றிக் கேரட் மீன்களைப் போடுங்கள். மேலே இலைகளாக நான்கைந்து வெள்ளரித் துண்டுகள். வெள்ளரி மிதக்கும், கேரட் அடியில் கிடக்கும். பிள்ளையின் கையைக் கழுவிவிட்டு வடிகட்டியைக் கொடுங்கள். நீர்நாய் இலைகளை விலக்கி அடியிலிருக்கும் மீனைப் பிடிக்கவேண்டும். ஏன் ஒன்று மிதக்கிறது, ஒன்று அமிழ்கிறது என்று கேட்டுவைக்கலாம். பதில் வராவிட்டால் துருவாதீர்கள். பாத்திரம் சின்னதானாலும் தண்ணீர் இருக்கும்வரை பிள்ளையைத் தனியே விட்டு நகரக்கூடாது. முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

விளையாடும் நேரத்தில் மினி இட்லி வெந்துகொண்டிருக்கட்டும். அடுப்படியில் ஒருவர், பாத்திரத்தருகே ஒருவர் என்று இரண்டு பெரியவர்கள் இருந்தால் நல்லது. தனியாக இருந்தால் இட்லியை முன்னரே அவித்து மூடிவைத்துவிட்டு விளையாட உட்காருங்கள்.

அடுக்கும் வரிசை: புட்டு மாயத்தைத் தட்டின் நடுவே வளைத்து ஆறாக்குங்கள். நீலம் தெளியுங்கள். ஒரு கரையில் பீன்ஸ் பொரியலோ புரோக்கோலியோ புதராக நிற்கட்டும், மறு கரையில் முட்டைத் துண்டோ முள் நீக்கிய மீனோ பருப்போ. பிறகு கேழ்வரகு மினி இட்லிகளை ஆற்றில் வையுங்கள், அவை நீர்நாய்த் தலைகள். இன்னொரு இட்லியிலிருந்து பொடித் துண்டுகளாகக் காது. வெள்ளை இட்லியிலிருந்து மெல்லிய வட்டம் முகத்தின் கீழ்ப்பாதியில் வந்தால்தான் நீர்நாய், இல்லாவிட்டால் கரடி என்பார்கள். அதன் மேல் உலர்திராட்சைத் துணுக்கு மூக்கு. இப்போது பிள்ளையைக் கூப்பிடுங்கள். கண்ணாக எள்ளும், ஆற்றில் அது பிடித்த மீன்களும் அதன் வேலை. இரண்டு வயதுக்காரருக்கு மினி இட்லியையும் பாதியாக வெட்டிக் கொடுங்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘என் ஆரோக்கியத் தட்டு’ முறையில் பாதி காய்கனி, கால் பகுதி முழுத்தானியம், கால் பகுதி புரதம். விளையாட்டுத் தட்டுகளில் வழக்கமாக நடக்கும் பிசகு, மாவுப்பண்டம் முக்கால்வாசியை அடைத்துக்கொள்வது. ஆற்றை ஒல்லியாக்கிக் கரையை அகலமாக்குங்கள்.

9. மேசையில் என்ன பேசுவது

அமெரிக்க உணவியல் வல்லுநர் எல்லின் சாட்டர் சொன்ன வேலைப் பங்கீட்டை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. விளையாட்டுச் சாப்பாட்டில் இது இன்னும் முக்கியம். உழைத்துச் செய்த தட்டு என்பதால் நமக்குப் பதற்றம் கூடுதலாக இருக்கும், அதைப் பிள்ளை உடனே மோப்பம் பிடித்துவிடும்.

“எவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சேன் தெரியுமா” வேண்டாம். “நீர்நாய் பாவம், சாப்பிடலன்னா அழும்” என்பதும் வேண்டாம். சாப்பிட்டால் நீர்நாய் என்ன ஆகும் என்று யோசிக்கத் தொடங்கினால் விருந்து துக்கவீடாகிவிடும். சில பிள்ளைகள் உண்மையிலேயே முகத்தைக் கடிக்க மறுக்கும். அவர்களுக்கு முகமில்லாத கதைகளை எடுங்கள், ரயிலோ மழையோ. “எந்த மீன் முதல்ல?” என்று கேட்டால் போதும், கை தானாகப் போகும்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். “சாப்பாட்டுல என்னடா விளையாட்டு” என்று அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதற்காகவே எங்கள் வீட்டில் ஒரு கோடு: விளையாட்டெல்லாம் தட்டு மேசைக்கு வருமுன். வந்தபின் எறிதல் இல்லை, பிசைந்து சுவரில் அப்புதல் இல்லை. எறிந்தால் தட்டு அமைதியாக உள்ளே போய்விடும். இந்தக் கோட்டைச் சொன்னபிறகு எதிர்ப்பு குறைந்தது; இப்போது கண் வைப்பதற்கு என் மாமியாரும் போட்டிக்கு வருகிறார்.

படம் எடுப்பதாக இருந்தால் பிள்ளை வருமுன் எடுத்துவிடுங்கள். பசித்த பிள்ளையைத் தட்டின் முன் உட்காரவைத்து, “இங்க பாரு, சிரி” என்பது கொடுமை.

10. இன்னும் சில கதைகள், சுருக்கமாக

எம்ஆர்டி: பசிக்கு ஏற்றபடி பாதையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் இதன் சிறப்பு. நல்ல பசியா, வடகிழக்குப் பாதை, ஆறு பெட்டி. தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் என்றால் நான்கு. வட்டப் பாதை மூன்று. சாப்பிட மனமில்லாத நாளில் எல்ஆர்டி எனும் இலகு ரயிலின் ஒற்றைப் பெட்டி. பெட்டிகள் தோசைத் துண்டோ ரொட்டியோ, சன்னலுக்குச் சின்னச் சதுரங்களாக வெள்ளரி. விளையாட்டுக்குத் தரையில் ஊதா நிற நாடா ஒட்டி, டோபி காட், லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், பூன் கெங் என்று நான்கு தலையணைகளைப் போடுங்கள். பிள்ளை ஒவ்வொரு நிலையத்திலும் நின்று ஒரு பொருளை ஏற்றிக்கொண்டு வரவேண்டும்: கிண்ணம், கரண்டி, வெள்ளரிப் பெட்டி, கைத்துண்டு. மேசை அடுக்கும் வேலையும் அதோடு முடிந்தது.

மழை: வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பர், ஜனவரிக்கு ஏற்றது. தயிர்ச் சோற்று மேகம், அதன் கீழே கீற்றுக் கீற்றாக வேகவைத்த கேரட். விளையாட்டு: ஒரு கண்ணாடித் தம்ளரில் வெளிறிய சங்குப்பூத் தண்ணீர், பக்கத்தில் பிழிய ஒரு சின்ன லிமாவ் (எலுமிச்சை). சொட்டு விழுந்ததும் நீலம் ஊதாவாகி, இன்னும் பிழிந்தால் ரோஜா நிறத்துக்கு வரும். நான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் இதை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். கண்ணில் சாறு தெறிக்காமல் நீங்கள் பாதி பிழிந்து கொடுங்கள்.

பெருமரங்கள்: கரையோரப் பூந்தோட்டத்தில் இந்தச் செயற்கை மரங்கள் 18 இருக்கின்றன, தட்டில் மூன்று போதும். நீளக் காம்போடு வேகவைத்த புரோக்கோலியை மசித்த உருளைக்கிழங்கில் நட்டுவையுங்கள். இது இரவுச் சாப்பாட்டுக்கு. விளக்கை அணைத்துக் கைவிளக்கால் மரங்களின் நிழலைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டிவிட்டு, விளக்கைப் போட்டுச் சாப்பிடுங்கள்.

பொங்கல் சமயத்தில் பருப்புக் கோலம் போடவைக்க ஆசை வரும். மூன்று வயதுக்குக் கீழே பருப்பு மூக்குக்குள் போகும், காதுக்குள்ளும் போகும். அவர்களுக்கு அரிசிமாவும் ஒரு தட்டும் கொடுத்து விரலால் கோடு இழுக்கவிடுங்கள்.

11. பாலர் பள்ளிக்குக் கட்டிக் கொடுப்பதாக இருந்தால்

மேலே சொன்ன எதையும் அப்படியே டப்பாவுக்குள் மாற்றாதீர்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி மூக்கும் கண்ணும் மிதக்கும். முழுதாக ஆறியபின் மூடுங்கள், துண்டுகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்குங்கள். பையை ஆட்டும்போது நகராமல் இருப்பது நெருக்கத்தால்தான். நோரி ஈரத்தில் சுருளும் என்பதால் டப்பாவில் வேண்டாம்.

நம் ஊர் வெக்கையில் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. இடைவேளை அதற்குப் பிறகு என்றால் தயிர்ச் சோறு, முட்டை, மீன் மூன்றையும் விட்டுவிட்டு, ரொட்டி, பழம், உலர்ந்த பண்டம் என்று போங்கள். இல்லாவிட்டால் ஐஸ் பையோடு கட்டுங்கள். கடலை, எள் குறித்துப் பள்ளியின் விதி என்ன என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் கடலை அறவே கூடாது.

டப்பாவிலும் கடைசித் துண்டு பிள்ளைக்குத்தான். காலையில் அவசரம் என்றால், மூடுவதற்கு முன் ஒரு கேரட் மீனைக் கையில் கொடுத்து எங்கே வைப்பது என்று கேட்டால் போதும்.